பதினேழு கட்டத்தில் எங்கள் லோங்காங் எந்தக் கட்டம்?

கேள்வி: பீடோங் பக்கத்துத் தம்பி ஒருவர், 3 ஜூலை 2025

எங்கள் தாமானில் (குடியிருப்பில்) இளைஞர்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு குழு அமைத்திருக்கிறோம். ஐ.நா.வின் நிலைத்த வளர்ச்சி இலக்குகள் 17-ஐயும் தோட்டப்புற மக்களிடம் கொண்டு சேர்ப்பது திட்டம். முதலில் விளக்கக் கூட்டம், பிறகு பதாகை, பிறகு பள்ளிகளில் போட்டி. எந்த இலக்கில் தொடங்கினால் நல்லது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

4 ஜூலை, காலை 6.10

பதாகையில் தொடங்காதீர்கள்.

4 ஜூலை, இரவு 9.40

காலையில் மார்க்கெட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் ஒரு வரி போட்டுவிட்டுப் போனேன். தம்பிக்குக் கோபம் வந்துவிட்டது போல. சரி, விளக்கமாகவே சொல்கிறேன்.

நான் ஒரு தமிழ்ப்பள்ளியில் கேண்டீன் நடத்துகிறவள். மலேசியாவில் கெடா மாநிலம், பீடோங்குக்கும் சுங்கைப்பட்டாணிக்கும் இடைப்பட்ட ஊர். ஒரு பக்கம் தாமான், ஒரு பக்கம் செம்பனை (எண்ணெய்ப் பனை), நடுவில் லோரி போகிற ரோடு. ஏழெட்டு வருடத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு குழு பட்டணத்திலிருந்து வந்தது. நல்ல பிள்ளைகள், குறை சொல்லவில்லை. பள்ளிச் சுவரில் பதினேழு கட்டம் வரைந்தார்கள், பதினேழு வர்ணம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. வறுமை சிவப்பு, பசி மஞ்சள், தண்ணீர் நீலம்.

அந்தச் சுவருக்குக் கீழேதான் எங்கள் லோங்காங், அதாவது சாக்கடைக் கால்வாய், ஓடுகிறது. ஓடுகிறது என்பது மரியாதைக்குச் சொல்வது, உண்மையில் நிற்கிறது. நாலாம் ஆண்டுப் பையன் ஒருவன் பெயிண்ட் வாளியைப் பிடித்துக்கொண்டே கேட்டான்: "அக்கா, இந்த லோங்காங் எந்தக் கட்டம்?"

ஒரு பெண் 6 என்றாள், சுத்தமான நீரும் சுகாதாரமும். இன்னொருவர் 11, ஊரும் குடியிருப்பும் என்றார். பக்கத்தில் நின்ற டீச்சர், டெங்கி கொசு வருவதால் 3-தான் என்றார். மூன்று பேரும் பத்து நிமிடம் அதைப் பேசினார்கள். சாயங்காலம் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். லோங்காங் எந்தக் கட்டத்திலும் ஏறாமல் அங்கேயே கிடந்தது. இன்றைக்கும் கிடக்கிறது.

அதனால் எந்த இலக்கில் தொடங்கலாம் என்று கேட்காதீர்கள். எந்த லோங்காங்கில் தொடங்கலாம் என்று கேளுங்கள்.

4 ஜூலை, இரவு 11.05

ஒரு திருத்தம். படுத்த பிறகு ஞாபகம் வந்தது. அந்தச் சுவர் ஓவியம் வீண் என்று நான் சொன்னதாக நினைக்க வேண்டாம். அதே வருடம் ஒரு பிள்ளை கேண்டீனில் பாதி நாசி லெமாக்கைக் குப்பையில் கொட்டியபோது, இன்னொரு பிள்ளை "டேய், பன்னிரண்டு, பன்னிரண்டு" என்று கத்தினாள். 12 என்பது பொறுப்பான நுகர்வு. எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். சுவரைப் பார்த்துத்தான் கற்றிருக்கிறாள்.

5 ஜூலை, மதியம் 2.15

"லோங்காங்கை வெட்டிவிட வேண்டியதுதானே, இதற்கு என்ன விவாதம்" என்று தைப்பிங் அண்ணன் கேட்கிறார். அண்ணே, நீங்கள் பட்டணத்துக்காரர்.

எங்கள் லோங்காங் கேண்டீன் பின்புறம் தொடங்கி, தாமானின் கடைசி வரிசை வீடுகளை ஒட்டிப் போய், தோட்டத்து ரோட்டுக்கு அடியில் நுழைந்து, செம்பனைக்குள் இறங்குகிறது. முழு நீளமும் முந்நூறு அடிகூட இருக்காது. அந்த முந்நூறு அடிக்கு மூன்று சொந்தக்காரர்கள். பள்ளி நிற்கும் நிலம் தோட்டத்து நிலம், அதனால் எங்களுடையது பகுதி உதவி பெறும் பள்ளி. ஆசிரியர் சம்பளம் அரசாங்கம் தருகிறது. கட்டடம், வேலி, கால்வாய் என்று வந்தால் கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டும். தாமான் பக்கம் நகராண்மைக் கழகத்தைச் சேர்ந்தது. ரோட்டைத் தாண்டினால் மறுபடியும் தோட்டம், தனியார் நிலம்.

நானே மூன்று ஆபீசுக்கும் போயிருக்கிறேன். ஓர் இடத்தில் "அது எங்கள் எல்லைக்குள் வராது" என்றார்கள். இன்னோர் இடத்தில் "தண்ணீர் மேலேயிருந்து வருகிறது, மேலே இருப்பவர்களைக் கேளுங்கள்" என்றார்கள். மூன்றாவது இடத்தில் கிராணி (குமாஸ்தா) நல்ல மனிதர், தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

தோட்டப்புறத்தில் எதைத் தொட்டாலும் இந்தச் சிக்கல் வரும். என் பாட்டி காலத்தில் எல்லாமே தோட்டம்தான். லயத்து வீடு (தொழிலாளர்களின் வரிசை வீடு), தண்ணீர்க் குழாய், ஆயாக்கொட்டகை, ஆஸ்பத்திரி, கோயில் திருவிழாவுக்கு லோரி வரை துரை கையெழுத்துப் போட்டால் நடக்கும், போடாவிட்டால் நடக்காது. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, பத்துப் பிள்ளைகள் இருக்கும் தோட்டம் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும். நம் தமிழ்ப்பள்ளிகள் பல அப்படி முளைத்தவைதான். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, வேலைக்கு ஆள் குறைந்தது, சனம் தாமானுக்கும் பட்டணத்துக்கும் கிளம்பியது. தோட்டம் பார்த்துக்கொண்டிருந்த லோங்காங், ரோடு, தெருவிளக்கு இதையெல்லாம் இனி யார் பார்ப்பது என்று யாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுத்ததாக எனக்குத் தெரியவில்லை.

நியூயார்க்கில் 2015 செப்டம்பரில் 193 நாடுகள் கூடி 17 இலக்கு, அவற்றுக்குக் கீழே 169 உட்குறிக்கோள் என்று ஏற்றுக்கொண்டன. 2030-க்குள் முடிக்க வேண்டும். நாடு கையெழுத்துப் போட்டுவிட்டது. எங்கள் முந்நூறு அடிக்கு யார் கையெழுத்துப் போடுவது?

5 ஜூலை, மதியம் 2.40

முந்நூறு அடி இல்லையாம். என் வீட்டுக்காரர் நானூறு என்கிறார். அளந்ததில்லை.

6 ஜூலை, இரவு 10.20

"தோட்டப்புறத்து ஆட்களுக்கு இதெல்லாம் புதுசு, மெதுவாகத்தான் விளக்க வேண்டும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எனக்குச் சுருக்கென்றது.

ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றன. தோட்டத் துண்டாடல் என்றால் இன்றும் பெரியவர்கள் முகம் மாறும். வேலையும் வீடும் ஒரே நாளில் போகும். அந்த நேரத்தில் 1960-இல், அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் வெட்டும் சனம் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுப் பங்கு வாங்கியது, சங்கம் தோட்டங்களை வாங்கியது. வறுமை, வேலை, கூட்டு முயற்சி என்று எத்தனை கட்டம் அதில் அடங்குகிறது, நீங்களே எண்ணுங்கள். அன்றைக்கு அதற்கு வர்ணம் கிடையாது.

விளக்கக் கூட்டம் வைத்தால் முதலில் கிழவிகளைப் பேசவிட்டு நீங்கள் கேளுங்கள்.

7 ஜூலை, மாலை 5.30

கேண்டீன் குப்பையை உரமாக்குவது பற்றி இங்கே டீச்சர் ஒருவர் கேட்டிருக்கிறார். டீச்சர், அது என் தோல்விக் கதை. கேட்கத் தைரியம் இருந்தால் கேளுங்கள்.

மிச்சச் சோறு, காய்கறித் தோல், மீன் முள் எல்லாவற்றையும் நீலப் பீப்பாயில் போட்டு மூடிவைத்தேன். யாரோ சொன்னார்கள், மூன்று மாதத்தில் கறுப்பு மண் கிடைக்கும் என்று. மூன்றாவது வாரம் தலைமையாசிரியர் வந்து நின்றார். புழு. வெள்ளையாக, கொழுகொழுவென்று, பீப்பாய் விளிம்பில் ஏறி அணிவகுத்துப் போகிறது. பெரட்டுக்கு நிற்பது மாதிரி வரிசை. வாடை சொல்லவே வேண்டாம், முதலாம் ஆண்டு வகுப்பு ஜன்னலைச் சாத்திவிட்டார்கள்.

தப்பு எங்கே என்று பிறகுதான் புரிந்தது. சோறு ஈரம். ஈரத்தோடு காற்றுப் போகாமல் மூடினால் மக்காது, அழுகும். ஒரு வாளி ஈரக் கழிவு போட்டால் மேலே இரண்டு மூன்று வாளி காய்ந்த சருகோ மரத்தூளோ போட வேண்டும், வாரம் ஒருமுறை கிளற வேண்டும். மீன், கறி, எண்ணெய்ச் சோறு உள்ளே போகவே கூடாது. இரண்டாவது தடவை மரப்பட்டறையிலிருந்து தூள் வாங்கிவந்து போட்டேன். வாடை இல்லை. ஐந்து மாதம் ஆனது, மூன்று இல்லை. அந்த உரத்தில் வளர்ந்த கங்கோங் கீரையைத் தலைமையாசிரியரே வாங்கிக்கொண்டு போனார்.

கெடாவில் வீட்டுக் குப்பையைப் பிரித்துப் போடுவது சட்டம். 2016 ஜூனிலிருந்து அமலாக்கம். வாரம் இரண்டு நாள் சாதாரணக் குப்பை, ஒரு நாள் மறுசுழற்சிக் குப்பை எடுக்க வருவது முறை. தைப்பிங் இருக்கும் பேராக் மாநிலத்தில் அந்தச் சட்டம் இல்லை, அதனால்தான் தைப்பிங் அண்ணன் சிரிக்கிறார். எங்கள் தாமானில் பாதிப் பேர் பிரிக்கிறார்கள். லயத்துப் பக்கம் லோரியே போவதில்லை, பிரித்து என்ன செய்வது? எரிக்கிறார்கள். மறுபடியும் தனியார் நிலம். பாருங்கள், எங்கே தொடங்கினாலும் அந்த லோங்காங்கில்தான் வந்து விழுகிறேன்.

9 ஜூலை, இரவு 9.15

தைப்பிங் அண்ணன்: "புள்ளிவிவரம் எல்லாம் பொய், கணக்கெடுப்பு வேண்டாம், வேலையை மட்டும் பாருங்கள்."

இதை நான்கு வருடத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் கைதட்டியிருப்பேன். இப்போது முடியாது. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

ஒரு குடும்பத்துக்கு மாத வருமானம் 980 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் இருந்தால் அது ஏழைக் குடும்பம் இல்லை. 2020-க்கு முன்னால் நம் நாட்டு வறுமைக் கோடு அதுதான். அந்தக் கோட்டின்படி 2016-இல் நாட்டின் வறுமை 0.4 விழுக்காடு. அதாவது வறுமையே இல்லை, முதல் கட்டத்துக்கு டிக் போட்டுவிடலாம். 2019 ஆகஸ்டில் ஐ.நா.வின் வறுமை அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, இந்தக் கோடு நிஜத்துக்கு ஒட்டவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். அன்றைக்கு அரசாங்கம் மறுத்தது. அடுத்த வருடம் ஜூலையில் கோடு 2,208 வெள்ளிக்கு ஏறியது. புதுக் கோட்டின்படி 2019-இன் வறுமை 5.6 விழுக்காடு. பழைய 2016-ஐயே புதுக் கோட்டால் அளந்தால் 7.6.

யாருடைய பையிலும் ஒரு காசு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆனால் கணக்கில் இல்லாமல் இருந்த ஏழைகள் திடீரென்று இருந்தார்கள். அண்ணே, இதைப் பார்த்து நீங்கள் "புள்ளிவிவரம் பொய்" என்பீர்கள். எனக்குத் தோன்றியது வேறு: அளக்கிற கோலை நம் கையில் வாங்கினால் என்ன?

பள்ளியில் துணை உணவுத் திட்டம் இருக்கிறது, ஆர்.எம்.டி. என்போம். பட்டியலில் இருக்கும் பிள்ளைகளுக்கு இலவசச் சாப்பாடு, சமைப்பது நான். பட்டியலில் இல்லாமல், கையில் காசும் இல்லாமல், கேண்டீன் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பிள்ளைகளும் உண்டு. இருபது வருடமாகப் பார்க்கிறேன். மிச்சம் இருந்தால் கொடுப்பேன், மறந்துவிடுவேன். கோடு மாறிய கதை தெரிந்த பிறகு ஒரு 555 நோட்டு எடுத்தேன். அதுதான், கடன் எழுதும் அந்தக் குட்டி நோட்டு. பெயர் எழுதவில்லை, வகுப்பும் தேதியும் மட்டும். தூணைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளைக்கு ஒரு கோடு.

முதல் மாதம் முடிந்தபோது பதினோரு பிள்ளைகள். மூன்று பேருடைய கோடு மாதக் கடைசி வாரத்தில் மட்டும் விழுந்தது. சம்பளம் முடிந்த வாரம். நோட்டைத் தலைமையாசிரியரிடம் காட்டினேன். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் அவர் அதைத் தூக்கிக் காட்டினார். "பாவம் பிள்ளைகள்" என்று நான் இருபது வருடம் சொன்னபோது அசையாத கூட்டம், நோட்டைப் பார்த்ததும் அசைந்தது. இப்போது கடைசி வாரத்துக்கு மட்டும் ஒரு தனிப் பானை.

அது இரண்டாவது கட்டம், பசியின்மை. சுவரில் மஞ்சள்.

9 ஜூலை, இரவு 9.50

"பசியின்மை" என்றால் பசி எடுக்காத வியாதி, "பசியில்லா நிலை" என்று எழுத வேண்டும் என்று டீச்சர் திருத்தியிருக்கிறார். சரி டீச்சர்.

11 ஜூலை, காலை 11.00

இன்று வெள்ளி, பள்ளி இல்லை, அம்மாவோடு உட்கார்ந்து இந்த இழையை வாசித்துக் காட்டினேன். அம்மாவுக்கு எழுபத்து மூன்று. முப்பது வருடம் மருந்தடித்தவர். முதுகில் பம்பு, காலில் சப்பாத்து சில வருடம் உண்டு, சில வருடம் இல்லை. செம்பனை அடியில் புல் சாக அடிக்கிற மருந்து, பாராகுவாட். அந்தக் காலத்தில் அம்மாவுக்குப் பெயர் தெரியாது, "நீல மருந்து" என்றுதான் சொல்வார். கைநகம் கறுத்து உரிந்து விழும். மூக்கில் ரத்தம் வரும். சோறு பிசையக் கை எரியும் என்பதால் பல நாள் நான்தான் ஊட்டிவிட்டிருக்கிறேன், எனக்கு அப்போது எட்டு வயது.

அந்த மருந்துக்கு முறிவு மருந்து கிடையாது. 2002-இல் தடை செய்யப் போவதாக அறிவித்தார்கள், 2006-இல் தளர்த்தினார்கள், கடைசியில் 2020 ஜனவரி முதல் தேதி முழுத் தடை. மூன்றாவது இலக்குக்குக் கீழே ஆபத்தான இரசாயனத்தால் வரும் சாவையும் நோயையும் குறைப்பது என்று ஓர் உட்குறிக்கோள் இருக்கிறது. 3.9. அம்மாவிடம் சொன்னேன்: "உங்கள் கைக்கு ஒரு நம்பர் இருக்கிறது."

அம்மா கொஞ்ச நேரம் கையைப் பார்த்துவிட்டு, "பம்பு ஒழுகுது, வாஷர் மாத்துங்கன்னு மண்டோர்கிட்ட (கங்காணி) எத்தனை தடவை சொன்னேன், அதுக்கு நம்பர் இருக்கா?" என்று கேட்டார்.

நான் 169-லும் தேடவில்லை.

11 ஜூலை, மதியம் 12.20

இதே விஷயத்தில் சிரிப்புக்கும் ஒன்று உண்டு. செம்பனையில் எலித் தொல்லை. விஷம் வைப்பதற்குப் பதில் கூகை (ஆந்தையில் ஒரு வகை) வளர்ப்பது இந்த நாட்டில் பழைய வழி. கம்பத்தில் பெட்டி கட்டினால் கூகை தானாக வந்து குடியேறும். ஒரு ஜோடி, குஞ்சுகளோடு சேர்ந்து, வருடத்துக்கு ஆயிரம் எலி வரை பிடிக்கும் என்பார்கள். 15-ஆம் கட்டத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

ஆனால் நம் ஆட்களுக்கு ஆந்தை அலறினால் சாவு. பக்கத்துத் தோட்டத்தில் லயத்துக்குப் பக்கத்தில் பெட்டி வைத்தார்கள். அதே மாதம் இரண்டு பெரியவர்கள் தவறிவிட்டார்கள். இருவருக்கும் எண்பதுக்கு மேல். அடுத்த வாரம் பெட்டியைக் காணவில்லை. பிறகு கோயில் பூசாரியைப் பிடித்து, "லட்சுமிக்கு வாகனமே ஆந்தைதான்" என்று பேசவைத்தார்கள். பெட்டி திரும்பி வந்தது. பத்து ஹெக்டருக்கு ஒரு பெட்டி என்கிற கணக்கையெல்லாம் அதிகாரி பேசினார், யாரும் கேட்கவில்லை. பூசாரி ஒரு வரி சொன்னார்.

தம்பி, உங்கள் பன்னிரண்டு பேரில் பூசாரி உண்டா?

13 ஜூலை, இரவு 10.45

தம்பி தனியாகக் கேட்ட கேள்விக்கு இங்கேயே பதில். "17-ஐயும் செய்யாவிட்டால் அரைகுறை ஆகாதா?"

ஆகாது. ஜப்பானில் ஹொக்காய்டோ தீவில் ஷிமோகாவா என்று ஓர் ஊர். மூவாயிரத்துச் சொச்சம் பேர். ஊரில் பத்தில் ஒன்பது பங்கு காடு, பிழைப்பு மரம். நம்ம தோட்டத்து ஊர் மாதிரிதான், ஒரே பயிரை நம்பி, இளையவர்கள் வெளியே போய்க்கொண்டிருந்த ஊர். அவர்கள் ஐ.நா. இலக்குகளை அப்படியே ஒட்டிக்கொள்ளவில்லை. ஊரார் உட்கார்ந்து பேசி, 2030-இல் நம் ஊர் எப்படி இருக்க வேண்டும் என்று தங்களுக்கென ஏழு இலக்கு எழுதிக்கொண்டார்கள். 2018-இல் அந்த ஊர் தன் கணக்கைத் தானே அறிக்கையாக வெளியிட்டது. நியூயார்க் நகரம் அறிக்கை கொடுத்த அதே வருடம்.

நம் நாட்டிலும் 2019-இல் நாடாளுமன்றத்தில் எல்லாக் கட்சி உறுப்பினர்களும் சேர்ந்து இந்த இலக்குகளுக்காகவே ஒரு குழு அமைத்தார்கள். 2020-இல் பத்துத் தொகுதிகளில் தொடங்கினார்கள். அவர்கள் வேலை செய்யும் வரிசை எனக்குப் பிடித்தது: முதலில் ஊருக்குள் போய்ப் பிரச்சினையைக் கேட்பது, அதில் எது முக்கியம் என்று பார்ப்பது, அப்புறம் உள்ளூர்ச் சங்கம் ஒன்றைப் பிடித்துச் சின்னத் திட்டம். நம்பர் கடைசியில்.

நேற்று ஒட்டுக்கடையில் நான் சோதித்துப் பார்த்தேன். ஐந்தாறு பேர் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். நம் ஊருக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். கிளினிக்குக்குப் போகப் பஸ் என்றார் ஒரு பாட்டி, கிராப் வாடகைக் கார் கூப்பிட்டால் போகவரப் பாதிப் பென்ஷன் போய்விடுகிறதாம். ஓய்வு பெற்றதும் லயத்து வீட்டைக் காலிசெய்யச் சொன்னால் எங்கே போவது என்றார் ஒருவர். தோட்டத்தில் தங்கும் தொழிலாளிக்கு என்ன மாதிரி வீடு தர வேண்டும் என்று 1990-ஆம் ஆண்டுச் சட்டம் 446 இருக்கிறது. வேலை முடிந்த மறுநாளுக்கு அதில் என்ன இருக்கிறது என்பது அவர் கேள்வி. மூன்றாவது ஆள் லோங்காங். நான் வாயைத் திறக்கவே இல்லை, சத்தியமாக. நாலாவது ஆள் "இந்தக் கடையில் டிவி பெரிசா வேணும்" என்றார். அதையும் எழுதிக்கொண்டேன்.

14 ஜூலை, காலை 5.20

ஒரு பெண் கேட்டிருக்கிறார்: "அக்கா எல்லா நம்பரையும் பேசுகிறீர்கள். எட்டாவது, கண்ணியமான வேலை. உங்கள் கேண்டீனில் எப்படி?"

மாட்டிக்கொண்டேன். இரவெல்லாம் இதைப் பற்றித்தான் யோசனை.

என்னிடம் இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். ஒருவர் முழு நேரம், ஒருவர் பாதி நேரம். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி என்று இந்தப் பிப்ரவரியில் வந்தது. ஐந்து பேருக்குக் குறைவாக வைத்திருப்பவர்களுக்கு ஆகஸ்ட் முதல் தேதி வரை தவணை. அந்தத் தவணையில்தான் நான் ஒளிந்துகொண்டிருந்தேன். முழு நேரம் செய்கிறவருக்கு 1,500 கொடுக்கிறேன். பாதி நேரக்காரிக்கு மணிக்கு ஏழு வெள்ளி. சட்டப்படி இனி 8 வெள்ளி 17 காசு.

பள்ளியில் சாப்பாட்டு விலையை என் இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. பள்ளி விடுமுறையில் வருமானம் கிடையாது. இதெல்லாம் உண்மை. ஆனால் தோட்டத்துத் துரையும் ரப்பர் விலையைக் காட்டி இதே பேச்சைத்தான் பேசினார், என் அம்மா அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். நானும் அதே வாயால் பேசுகிறேன் என்று விடிகாலை மூன்று மணிக்குத் தோன்றியது.

ஆகஸ்டிலிருந்து கொடுத்துவிடுவேன். சந்தோஷமாக என்று பொய் சொல்ல மாட்டேன். வடை கொஞ்சம் சின்னதாகும்.

14 ஜூலை, மாலை 6.00

வடை சின்னதாகக் கூடாது என்று ஏழு பேர் எழுதியிருக்கிறீர்கள். லோங்காங் பற்றி எழுதியபோது நாலு பேர்.

18 ஜூலை, இரவு 8.30

இன்று நடந்ததைச் சொல்கிறேன்.

தம்பியின் குழுவில் ஐந்து பேர் மோட்டாரில் வந்தார்கள். பதாகை கொண்டுவரவில்லை, அளக்கும் டேப் கொண்டுவந்தார்கள். எனக்கு அதிலேயே பாதி மனம் குளிர்ந்துவிட்டது. லோங்காங்கை முனை முதல் முனை வரை அளந்தோம். முந்நூற்று அறுபத்து இரண்டு அடி. என் வீட்டுக்காரரும் தோற்றார், நானும் தோற்றேன்.

எல்லைக்கல் இரண்டு இருக்கிறது. ஒன்று பள்ளி வேலி ஓரம், சுலபமாகக் கிடைத்தது. இன்னொன்று முனீஸ்வரர் கோயில் சூலத்துக்குப் பின்னால் புதருக்குள். அதைக் காட்டியது அம்மா. புல்லுக்கு மருந்தடித்த காலத்தில் மண்டோர் "இந்தக் கல்லைத் தாண்டி அடிக்காதே" என்பாராம். ஆபீஸ் வரைபடத்தைக் கேட்டு நான் அலைந்த விஷயம் அம்மா தலைக்குள் இருந்திருக்கிறது, நான் கேட்டதே இல்லை.

கல்லுக்குக் கல் பார்த்தால், அடைப்பு இருக்கும் இடத்தில் முக்கால்வாசி பள்ளி இருக்கும் பக்கம். தோட்டத்து நிலம்தான், ஆனால் பள்ளிக்கு விட்டது. தாமான் பக்கம் நாற்பது அடி. தோட்டத்து ரோட்டுக்கு அடியில் உள்ள குழாய்தான் நிஜமான அடைப்பு, அதைத் தோட்டம்தான் எடுக்க வேண்டும், நம்மால் முடியாது. ஒரு பிள்ளை படம் வரைந்தான், அளவோடு. மூன்று பகுதி, மூன்று வர்ணம். (பார்த்தீர்களா, கடைசியில் வர்ணம் வந்துவிட்டது.) மூன்று ஆபீசுக்கும் ஒரே படம், ஒரே கடிதம், அவரவர் பகுதி எத்தனை அடி என்று போட்டு அனுப்புகிறோம். தேத்தண்ணி வாங்கிக் கொடுத்த கிராணிக்கு நேரில் கொடுப்பேன்.

கொசுக் குஞ்சு இருந்த இடத்தையும் பிள்ளைகள் குறித்தார்கள். லோங்காங்கில் அதிகம் இல்லை, ஆச்சரியம். டெங்கிக் கொசுவுக்கு நல்ல தண்ணீர்தான் பிடிக்குமாம். நிறைய இருந்தது என் கேண்டீன் பின்னால் கிடந்த பழைய நீலப் பீப்பாயில். ஆம், அதே பீப்பாய். முட்டை கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள்தான். கவிழ்த்துவிட்டேன். இதை யாரும் தைப்பிங்கில் பரப்ப வேண்டாம்.

18 ஜூலை, இரவு 8.55

எந்தக் கட்டம் என்று தம்பி கேட்கிறார், அறிக்கையில் போட வேண்டுமாம். 6, 11, 3, எதை வேண்டுமானாலும் போடுங்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்குக் கோத்தோங் ரோயோங், எல்லாரும் கூடிச் செய்யும் துப்புரவு வேலை. தாமான் பக்கத்து நாற்பது அடியும் பள்ளிப் பக்கமும் மட்டும். ருக்குன் தெத்தாங்கா (அக்கம்பக்கத்துக் குழு) ஆட்கள் லோரி தருகிறார்கள். பசியாற நான் ஏற்பாடு செய்கிறேன், வடை பழைய அளவுதான். பள்ளியில் மண்வெட்டி இரண்டுதான் இருக்கிறது, அதில் ஒன்றுக்குப் பிடி ஆடுகிறது. வருகிறவர்கள் வீட்டில் இருப்பதைக் கொண்டு வாருங்கள்.